பெரியப்பாவுக்குக் கதவு திறந்த செல்லர் யார்?

உங்கள் பெரியப்பா 1970-ல் மதுரையிலிருந்து டாக்டராக அமெரிக்கா போனார். "எல்லாம் கென்னடி போட்ட சட்டத்தால் வந்தது" என்று வீட்டில் இன்றுவரை சொல்கிறார்கள். நீங்கள் தேடிப் பார்த்தபோது அந்தச் சட்டத்துக்கு 'ஹார்ட்-செல்லர்' என்று பெயர் இருந்தது. ஹார்ட் ஒரு செனட்டர் என்று கிடைத்துவிட்டது. செல்லர் ஐம்பது வருடம் எம்.பி.யாக இருந்தவர் என்று மட்டும் போட்டிருக்கிறது. யார் இவர், இந்தியர்களுக்கு நல்லது செய்ய நினைத்துத்தான் இதைக் கொண்டுவந்தாரா என்று கேட்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் எனக்குக் கேட்பது ஒன்றுதான்: நம் குடும்பம் இந்த மனிதருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறதா? பட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற சட்டத்துக்காக அல்ல.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. நியூ ஜெர்சியில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் இருபத்திரண்டு வருடமாக மனுத் தயாரிக்கிறவன். செல்லர் பெயர் எனக்குப் பழக்கமானது புத்தகத்தால் இல்லை, ஃபைல்களால். ஒரு தடவை ஒரு பெரியவர் தன் குடும்பத்தின் பழைய தாள்களையெல்லாம் ஜவுளிக்கடைப் பையில் போட்டு எடுத்து வந்தார். அவர் தாளில் 'பி3-1' என்று ஒரு குறி. தம்பியின் தாளில் 'பி5-1'. தங்கை வீட்டுக்காரர் தாளிலும் அதே ஐந்தின் குடும்பத்தைச் சேர்ந்த குறி. அந்த மூன்றும் ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போய்த்தான் இந்த மனிதரிடம் சிக்கினேன். சட்டம் எப்படி வேலை செய்தது என்பதில் உறுதியாகப் பேசுவேன். அவர் மனதில் என்ன இருந்தது என்பதில் என் ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

முழுப் பெயர் இமானுவல் செல்லர். 1888 மே 6-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஜெர்மனியிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில் பிறந்தவர். அப்பா விஸ்கி வியாபாரி. அது நொடித்துப்போய், வீடு வீடாக ஒயின் விற்கிற நிலைக்கு வந்தார். மகன் கல்லூரியில் சேர்ந்த கொஞ்ச காலத்தில் அப்பா இறந்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, அம்மாவும் போய்விட்டார். காலையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வகுப்பு, மதியத்துக்கு மேல் அப்பாவின் வாடிக்கையாளர் வீடுகளுக்கு ஒயின் என்று படித்து முடித்தார். 1912-ல் சட்டப் பட்டம். 1922-ல் முதல் தேர்தல். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. அதை எதிர்த்துப் பேசித்தான் ஜெயித்தார். ஒயின் விற்றுப் படித்தவர் வேறென்ன பேசுவார்! 1923 மார்ச்சில் பதவியேற்றவர் 1973 ஜனவரியில்தான் வெளியே வந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல் என்ற கணக்கில், விடாமல் இருபத்தைந்து முறை ஜெயித்தவர். (இங்கே நான் சொல்லும் காங்கிரஸ் அமெரிக்க நாடாளுமன்றம், கட்சி அல்ல. 'சபை' என்பது செல்லர் இருந்த கீழ்ச்சபை, மேல்சபை செனட். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்.)

உள்ளே நுழைந்த ஆளை வரவேற்றது 1924-ன் குடியேற்ற மசோதா. அதற்கு முன்பே 1921-ல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்து, நாட்டுக்கு இவ்வளவு பேர் என்று ஒதுக்கீடு வைத்திருந்தது. அந்த ஒதுக்கீடு மாதாமாதம் முதல் தேதி நள்ளிரவில் திறக்கும். நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே, ஐரோப்பாவிலிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு வந்த கப்பல்கள் காத்து நிற்கும். மணி பன்னிரண்டானதும் எல்லைக்கோட்டைத் தாண்டப் பந்தயம். முந்திய கப்பலுக்கு இடம். பிந்தியதில் இருப்பவர்கள், அந்த மாதக் கணக்கு முடிந்துவிட்டால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். புரூக்ளின்காரருக்கு இது வாசலில் நடக்கிற கூத்து. 1924-ன் சட்டம் இதைவிட மோசம். 1890-ன் மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாக வைத்து, அன்று அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டாரின் எண்ணிக்கையில் இரண்டு சதவீதம்தான் வரலாம் என்றது. ஏன் 1890? இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெரும் எண்ணிக்கையில் வந்தது அதற்குப் பிறகுதான். கணக்கெடுப்பைப் பின்னுக்குத் தள்ளினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இத்தாலிக்கு 1921-ல் வருடத்துக்கு 42,057 இடம். 1924-ல் அது 3,845. புது எம்.பி. செல்லர் சபையில் ஆற்றிய முதல் பெரிய உரை இந்த மசோதாவை எதிர்த்து. தோற்றார். மசோதா பெரும் வித்தியாசத்தில் நிறைவேறியது.

இதில் நம் ஆட்கள் எங்கே என்றால், கணக்கிலேயே இல்லை. 1917-ன் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றிக் கோடு போட்டு, இந்தியா உட்பட உள்ளே இருப்பவர்கள் குடியேற வரக்கூடாது என்றது. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் 'வெள்ளையர்' இல்லை, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. திண்ட் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர், அதுவும் உதவவில்லை. இன்னொரு வேடிக்கை: 1924-ன் சட்டத்தில் இந்தியாவுக்கு வருடம் 100 இடம் காகிதத்தில் உண்டு. குடியுரிமைக்குத் தகுதி உள்ளவர்தான் அதில் வரலாம் என்பதால், இந்தியாவில் பிறந்த வெள்ளைக்காரருக்குத்தான் அது பயன்பட்டது.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. 1946 ஜூலை 2-ல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்துக்கு லூஸ்-செல்லர் சட்டம் என்று பெயர். கனெக்டிகட் எம்.பி. கிளேர் பூத் லூஸ் குடியரசுக் கட்சி, செல்லர் ஜனநாயகக் கட்சி. இருவரும் சேர்ந்து கொண்டுவந்தது. இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் குடியுரிமை பெறலாம், வருடத்துக்குத் தலா 100 பேர் குடியேறலாம் என்றது. நூறு என்பது பிச்சைதான். ஆனால் குடியுரிமை என்ற சொல் பெரியது. அதற்கு முன் இந்தியர் ஒருவர் நாற்பது வருடம் கலிஃபோர்னியாவில் விவசாயம் செய்தாலும் அந்நியர்தான். அந்த மாநிலச் சட்டப்படி தன் பெயரில் நிலம்கூட வாங்க முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1937 முதல் வேலை பார்த்த நம் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர் 1953-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார் என்றால் அது இந்தச் சட்டத்தால். பஞ்சாபிலிருந்து வந்த தலிப் சிங் சவுந்த் 1949-ல் குடியுரிமை வாங்கி, 1956-ல் தேர்தலில் ஜெயித்து, செல்லர் இருந்த அதே சபையில் போய் உட்கார்ந்தார்.

இது முழுக்க செல்லரின் பெருமை என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் வியாபாரம் செய்த ஜே. ஜே. சிங் என்ற சீக்கியர், இந்தியா லீக் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் எம்.பி.க்களின் படி ஏறி இறங்கினார். போர்க்காலமும் கை கொடுத்தது: இந்தியச் சிப்பாய்கள் நேச நாடுகள் பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, இந்தியர்களைத் தீண்டத்தகாதவர்களாக வைத்திருக்கும் சட்டம் அமெரிக்காவுக்கே சங்கடம். 1943-ல் சீனர்கள் மீதான தடையை எடுத்ததும் இதே சங்கடத்தால்தான். ஆனால் மசோதாவில் தன் பெயரைப் போட்டு, இந்தியர் ஓட்டு ஒன்றுகூட இல்லாத தொகுதியிலிருந்து வந்து, அதற்காக வாதாடினார் பாருங்கள், அதில் லாபக் கணக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நன்றி சொல்வதென்றால் நான் இதற்குத்தான் சொல்வேன்.

பெரியப்பாவை உள்ளே விட்ட 1965-ன் சட்டத்துக்கு வரும்முன், செல்லரின் பலம் எது என்று சொல்ல வேண்டும். அவர் பெரிய பேச்சாளர் என்பதால் இல்லை, நாற்காலியால். அமெரிக்க முறையில் ஒரு மசோதா சபைக்கு வரும்முன் அதற்குரிய குழுவைத் தாண்ட வேண்டும். குழுத் தலைவர் அதை விசாரணைக்கே எடுக்காமல் இழுப்பறையில் போட்டுப் பூட்டினால் பெரும்பாலும் கதை முடிந்தது. தலைவர் பதவி அந்தக் காலத்தில் திறமைக்கு இல்லை, வயதுக்கு: சபையில் பெரும்பான்மை உள்ள கட்சியில் அந்தக் குழுவில் யார் ரொம்ப நாளாக உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு. செல்லர் 1949-ல் நீதிக் குழுவின் தலைவரானார். குடியரசுக் கட்சி சபையைப் பிடித்திருந்த 1953, 1954 ஆகிய இரண்டு வருடம் போக, 1973 வரை அவர்தான். குடியேற்றம், சிவில் உரிமை, ஏகபோக வியாபாரம், அரசியல் சட்டத் திருத்தம் எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு கம்பெனி இன்னொன்றை விழுங்கிப் போட்டியை அழிப்பதைத் தடுக்கும் 1950-ன் செல்லர்-கீஃபாவர் சட்டம் அவர் பெயரில் இருக்கிறது. 23 முதல் 26 வரையான நான்கு அரசியல் சட்டத் திருத்தங்கள் அவர் காலத்தில் அந்தக் குழுவைத் தாண்டியவை. பதினெட்டு வயதுக்கு ஓட்டுரிமை அதில் கடைசி.

எல்லாவற்றிலும் பெரியது 1964-ன் சிவில் உரிமைச் சட்டம். கறுப்பர்களை ஓட்டலிலும் தியேட்டரிலும் வேலையிலும் ஒதுக்குவதைச் சட்டவிரோதமாக்கிய சட்டம் அது. கென்னடி அனுப்பிய மசோதாவை செல்லரின் துணைக் குழு 1963-ல் இன்னும் கடுமையாக்கிவிட்டது. இப்படிப் போனால் குடியரசுக் கட்சி ஓட்டு கிடைக்காது, மசோதா செத்துவிடும் என்று கென்னடியின் தம்பி, அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி ஓடி வர வேண்டியதாயிற்று. கடைசியில் செல்லர் இறங்கி வந்தார். ஒஹாயோவின் சிறு நகரத்திலிருந்து வந்த வில்லியம் மெக்கலக் என்ற குடியரசுக் கட்சிக்காரரோடு சமரசம் ஆகி, அக்டோபர் 29-ல் குழுவில் 20-க்கு 14 என்று தாண்டியது. 1964 பிப்ரவரி 10-ல் சபையில் 290-க்கு 130. கறுப்பர்களே மிகச் சிலர் இருந்த தொகுதிக்காரர் மெக்கலக். அவர் இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்த விவாதத்தில் நடந்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செல்லரின் முடிவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிப்ரவரி 8, சனிக்கிழமை. மசோதாவைக் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்த வர்ஜீனியா எம்.பி. ஹவர்ட் ஸ்மித் எழுந்து, வேலையில் இனம், மதம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்ற பட்டியலில் 'பாலினம்' (ஆணா பெண்ணா என்பது) என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னார். சபையில் சிரிப்பு. செல்லர் எதிர்த்துப் பேச எழுந்து, எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை எப்போதும் என்னுடையதுதான், அது "சரிம்மா" என்கிற மாதிரி ஒரு ஜோக் அடித்தார். மறுபடி சிரிப்பு. மிஷிகன் எம்.பி. மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, பெண்கள் இரண்டாம் தரம் என்பதற்கு வேறு ஆதாரமே வேண்டாம், இந்தச் சிரிப்பு போதும் என்று சொன்னபோது சபை அடங்கியது. திருத்தம் 168-க்கு 133 என்று ஜெயித்தது. செல்லர் ஏன் எதிர்த்தார்? மசோதா கவிழ்ந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். அதே பயத்தில் ஈடித் கிரீன் என்ற பெண் எம்.பி.யும் எதிர்த்தார். ஆனால் பயம் மட்டும்தானா? அதற்குப் பதில் பின்னால் தெரிந்தது.

இப்போது 1965. நாட்டுவாரி ஒதுக்கீடு நாற்பது வருடம் நீடித்திருந்தது. 1952-ல் அதை ஒழிக்க வாய்ப்பு வந்தபோது, பதிலாக மெக்கரன்-வால்டர் சட்டம் அதையே புதுப்பித்தது. ட்ரூமன் நிராகரித்தும் காங்கிரஸ் மீறி நிறைவேற்றியது. ஆசிய நாடுகளுக்குப் பெரும்பாலும் தலா 100 இடம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அதே நூறு. செல்லர் அப்போதும் எதிர்த்துத் தோற்றார். அவரே குழுத் தலைவர் ஆயிற்றே, பிறகு ஏன் மாற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர் குழுவுக்குள்ளேயே குடியேற்றத்துக்கு ஒரு துணைக் குழு. அதன் தலைவர் அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கும் பிரான்சிஸ் வால்டர். 1963-ல் அவர் இறக்கும்வரை அசையவில்லை. ஜூலை 1963-ல் கென்னடி காங்கிரஸுக்கு மசோதா அனுப்பினார், நவம்பரில் கொல்லப்பட்டார். அப்புறம் அடுத்த ஜனாதிபதி ஜான்சன் கையிலெடுத்தார். சபையில் செல்லர், செனட்டில் ஹார்ட் பெயரில் மசோதா. செனட்டில் அதை நடத்திக்கொடுத்தவர் கென்னடியின் கடைசித் தம்பி எட்வர்ட். ஆகவே உங்கள் வீட்டில் சொல்லும் 'கென்னடி சட்டம்' முழுத் தப்பில்லை. கையெழுத்து மட்டும் ஜான்சனுடையது: 1965 அக்டோபர் 3, சுதந்திரதேவி சிலையின் காலடியில்.

சட்டம் என்ன செய்தது? நாட்டுவாரி ஒதுக்கீட்டைத் தூக்கி எறிந்தது. கிழக்கு அரைக்கோளம் முழுதுக்கும் வருடம் 1,70,000 இடம். எந்த ஒரு நாட்டுக்கும் 20,000-க்கு மேல் கிடையாது. இந்த இடங்களை ஏழு முன்னுரிமைகளாகப் பிரித்தது. மூன்றாவது, படித்த தொழில் வல்லுநர்களுக்குப் பத்து சதவீதம். ஐந்தாவது, அமெரிக்கக் குடிமக்களின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கு இருபத்துநான்கு சதவீதம். ஜவுளிப்பையில் நான் பார்த்த 'பி3', 'பி5' இவைதான். குடிமகனின் மனைவி, சிறுபிள்ளைகள், அப்பா அம்மாவுக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை.

இந்தப் பங்கீட்டில்தான் விஷயம் இருக்கிறது. அரசாங்கம் அனுப்பிய மசோதாவில் பாதி இடம் திறமைக்கு, அதுவும் முதல் வரிசையில். வால்டருக்குப் பின் துணைக் குழுத் தலைவரான மைக்கேல் ஃபீகன் அதைப் புரட்டிப் போட்டு, குடும்பத்துக்குப் பெரும்பங்கு கொடுத்தார். கணக்கு எளிது: இங்கே இருப்பவர்கள் ஐரோப்பியர்கள், அவர்கள் சொந்தக்காரர்களும் ஐரோப்பியர்கள், ஆகவே நாட்டின் நிறம் மாறாது. வேலி போடுவதாக நினைத்துத்தான் போட்டார்கள். செல்லர் சபையில் சொன்னதும் இதே கணக்குதான்: ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும் அதிகம் வரப்போவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இங்கே சொந்தக்காரர்கள் குறைவு. ராபர்ட் கென்னடி 1964-ல் குழு முன் சாட்சி சொன்னபோது ஒரு எண்ணே கொடுத்தார்: ஆசியாவிலிருந்து முதலில் ஒரு 5,000 பேர் வருவார்கள், பிறகு அநேகமாக நின்றுவிடும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 1965-ல் இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள் 600-க்கும் குறைவு. 1970-ல் சுமார் 10,000. சட்டம் 1968 ஜூலையில் முழுதாக அமலுக்கு வந்தபோது, முதியோருக்கான மெடிகேர் திட்டம் இரண்டு வருடம் ஓடியிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர் போதவில்லை. சென்னையிலும் மதுரையிலும் படித்துவிட்டு வந்தவர்களுக்கு மூன்றாம் கதவு திறந்திருந்தது. ஐந்து வருடத்தில் அவர்கள் குடிமக்கள் ஆனார்கள். குடிமகன் ஆனதும் தம்பிக்கு ஐந்தாம் கதவில் மனுப் போட்டார்கள். தம்பி வந்தான், தம்பி மனைவி வந்தாள், அவள் குடியுரிமை வாங்கி அவள் அண்ணனுக்குப் போட்டாள். நம் ஊரில் கல்யாண வீட்டுக்கு ஒரு பத்திரிகை வைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று ஃபீகனுக்குத் தெரியாது.

செல்லர் அதைச் சொன்னபோது நம்பித்தான் சொன்னாரா, அல்லது எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்த அப்படிப் பேசினாரா? சொன்னது அச்சில் இருக்கிறது. மனதில் இருந்தது ஊகம். தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் நம்பித்தான் சொன்னார் என்ற பக்கம். அவருக்குக் குடியேற்றம் என்றால் நள்ளிரவில் துறைமுகத்துக்கு வெளியே நின்ற அந்தக் கப்பல்கள். அதில் இருந்த இத்தாலியர்கள், யூதர்கள். 1930-களிலும் போர்க்காலத்திலும் ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடியவர்களுக்காக இடம் கேட்டு, தன் கட்சி ஜனாதிபதியான ரூஸ்வெல்ட்டின் அரசோடு மோதி, பெரிதாக ஒன்றும் வாங்க முடியாமல் போனவர். பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தள்ளக்கூடாது என்பதுதான் 1924 முதல் அவர் பேச்சு. அந்தக் கொள்கையை முழுதாக எழுதி வைத்தார். அதை யார் பயன்படுத்துவார்கள் என்பதில் அவர் கற்பனை அட்லாண்டிக்கைத் தாண்டவில்லை.

ஒரு விஷயம், தொழில்காரன் என்ற முறையில். எந்த நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு என்ற அந்தச் சமத்துவம்தான் இன்று நம்மவர்கள் கழுத்தை நெரிக்கிறது. 1990-ல் அது மொத்தத்தில் ஏழு சதவீதம் என்று மாறியதே தவிர, ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவுதான். அண்ணன் தம்பி மனுவுக்கு இந்தியர்கள் இன்று பதினைந்து வருடத்துக்கும் மேல் காத்திருக்கிறார்கள். வேலை வழியாக கிரீன் கார்டுக்கு நிற்கும் இன்ஜினியர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "சார், என் பையன் இருபத்தொன்று தாண்டி என் மனுவிலிருந்து விழுந்துடுவானே" என்று கேட்கும்போது, 1965-ல் நீதி என்று எழுதப்பட்ட வரிதான் பதிலாக இருக்கிறது. அதற்கு செல்லரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபதாயிரத்தை இந்தியா என்றைக்காவது தொடும் என்று அன்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

பெயர் ஏன் மறந்துபோனது என்பதற்கு அவர் விழுந்த விதம் ஒரு காரணம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்ற அரசியல் சட்டத் திருத்தத்தை அவர் தன் குழுவில் இருபது வருடத்துக்கு மேல் விசாரணைக்கே எடுக்கவில்லை. மற்றவர்கள் இழுப்பறையில் பூட்டியதால் நாற்பது வருடம் தவித்தவர், அதே பூட்டைத் தான் போட்டார். பெண் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புச் சட்டங்கள் போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் அப்போது எதிர்த்தது உண்மை. ஆனால் அவருடைய பேச்சைப் படித்தால் ஆணும் பெண்ணும் வேறு வேறு என்ற பழைய நம்பிக்கைதான் முன்னால் நிற்கிறது. 1970-ல் அதே மார்த்தா கிரிஃபித்ஸ், 435 பேரில் 218 பேர் கையெழுத்திட்டால் குழுவின் கையிலிருந்து மசோதாவைப் பிடுங்கலாம் என்ற அபூர்வமான விதியைப் பயன்படுத்திக் கையெழுத்து சேர்த்துவிட்டார். ஒரு மணிநேர விவாதம். எதிர்த்து வந்த ஓட்டு 15.

இரண்டு வருடம் கழித்து, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலில், எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்ற முப்பது வயது வக்கீல் எதிர்த்து நின்றார். செல்லருக்கு 84. வாஷிங்டன் நினைவுத்தூணைப் பல்குச்சியால் சாய்க்கப் பார்ப்பது போல என்று கேலி செய்தார். செல்லருக்குத் தொகுதியில் ஓர் அலுவலகம்கூட இல்லை. வியட்நாம் போரை ஆதரித்தவர் என்ற கெட்ட பெயர் வேறு. அவருடைய வக்கீல் நிறுவனத்துக்கு, பதவிக்கு இடைஞ்சல் வராமல் அவர் பெயர் போட்ட கதவு ஒன்று, போடாத கதவு ஒன்று என்று இரண்டு கதவு உண்டென்று பத்திரிகைகள் எழுதின. ஹோல்ட்ஸ்மன் சினிமா கொட்டகை வரிசையிலும் ரயில் நிலையத்திலும் நின்று ஆளாளுக்குக் கை கொடுத்து ஓட்டுக் கேட்டார். சுமார் 600 ஓட்டில் செல்லர் தோற்றார். 1974-ல் ஜனாதிபதி நிக்சனைப் பதவி நீக்கும் தீர்மானம் அதே நீதிக் குழு முன் வந்தபோது தலைவர் நாற்காலியில் பீட்டர் ரோடினோ. உறுப்பினர் வரிசையில் ஹோல்ட்ஸ்மன். இன்னும் ஒரு முறை ஜெயித்திருந்தால் உலகமே டிவியில் பார்த்த அந்த நாற்காலியில் செல்லர் உட்கார்ந்திருப்பார், நீங்களும் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1981 ஜனவரி 15-ல், 92 வயதில், புரூக்ளினில் இறந்தார்.

பெரியப்பாவின் பழைய பாஸ்போர்ட் வீட்டில் எங்காவது இருந்தால் குடியேற்ற முத்திரையைப் பாருங்கள், பக்கத்தில் பேனாவால் ஒரு குறி எழுதியிருக்கும். 'பி3-1' என்றால் நேராக மூன்றாம் கதவில் வந்தவர். 'ஜே' என்று தொடங்கினால், அந்தக் கால டாக்டர்கள் பலரைப் போல முதலில் பயிற்சி விசாவில் வந்து பிறகு மாறியவர். அப்படியானால் அவர் கதையில் 1970-ன் இன்னொரு சிறிய திருத்தச் சட்டமும் வரும். எது என்று பார்த்துச் சொல்லுங்கள், மீதியை அதை வைத்து எழுதுகிறேன்.